பிள்ளை அழுத குரல்

(ஞானப்பால் விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று காலை ஆளுடைய பிள்ளையார் பொற்கிண்ணம் ஏந்தித் திருவீதி உலா வந்தருளினார். குளக்கரையில் பால் நிவேதனம் நிகழ்ந்தது. ஊர்க் குழந்தைகள் எல்லாரும் பால் பருகி மகிழ்ந்தனர். ஆண்டுதோறும் இவ்விழாவை நாம் குறைவின்றிக் கொண்டாடி வருகின்றோம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாம் பாலைக் கொண்டாடுகின்றோம், கிண்ணத்தைக் கொண்டாடுகின்றோம். அந்தப் பால் வருவதற்கு முன்னே வந்தது எது? ஒரு பிள்ளையின் அழுகை அன்றோ! அழுகை இல்லையேல் பால் இல்லை. பால் இல்லையேல் பாட்டு இல்லை. ஆதலின் இன்று அந்த அழுகையைப் பற்றியே சிந்திப்போம். சீகாழியில் அன்று அழுத குரலை மட்டுமன்று, இன்று நம் வீட்டு மூலையிலும் பள்ளிக்கூடத்துக் கடைசி வரிசையிலும் ஓசையின்றி அழும் குரல்களையும் சேர்த்தே சிந்திப்போம்.

சேக்கிழார் பெருமான் அக்காட்சியை எவ்வளவு நுட்பமாகக் காட்டுகின்றார்! தந்தையார் சிவபாத இருதயர் நீராடப் புறப்படுகின்றார். மூன்று வயதுப் பிள்ளை பின்தொடர்கின்றது. தந்தை திரும்பிப் பார்த்துச் சினம் கொண்டவர் போலத் தடுக்கின்றார். பிள்ளை விடுவதாக இல்லை. உடன் அழைத்துச் சென்று கரையில் இருத்திவிட்டு அவர் நீரில் மூழ்குகின்றார். கண்ணுக்கெதிரே இருந்த தந்தை காணாமற் போய்விட்டார். பெரியவர்களுக்கு அது ஒரு கணம். பிள்ளைக்கோ அது ஓர் ஊழி. தோணிபுரத்துச் சிகரத்தை நோக்கித் தாயையும் தந்தையையும் விளித்து அழுகின்றது. அம்மையப்பர் எழுந்தருளுகின்றனர்.

அம்மை வந்து என்ன செய்தாள்? ‘அழாதே’ என்று அதட்டவில்லை. ‘இதற்கெல்லாமா அழுவது?’ என்று நகைக்கவில்லை. அழுகையைக் கேட்டு வந்தாள். கண்ணீரைத் துடைத்தாள். பிறகு பொற்கிண்ணத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தாள். கேட்டல், துடைத்தல், கையில் கொடுத்தல் என்னும் இம்மூன்றும் பிள்ளை வளர்ப்பின் முழு இலக்கணம் என்றே நாம் கருதுகின்றோம். இன்றைய பேச்சு இம்மூன்றையும் விரிப்பதே.

முதலாவது கேட்டல்.

நம் வீடுகளில் பிள்ளை அழுதால் நாம் என்ன சொல்கின்றோம்? ‘பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்’ என்கின்றோம். ஆண்பிள்ளையாயின், ‘ஆண்பிள்ளை அழலாமா?’ என்கின்றோம். பெண்பிள்ளையாயின், ‘போகிற வீட்டில் இப்படி அழுதால் யார் கேட்பார்?’ என்கின்றோம். பிள்ளை அழுகையை நிறுத்திவிடுகின்றது. நாம் வென்றுவிட்டதாக எண்ணுகின்றோம். ஐயா, நின்றது அழுகை, துயரம் நிற்கவில்லை. இவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்னும் பாடத்தை மட்டும் அப்பிள்ளை கற்றுக்கொண்டது.

சொல்ல வழியில்லாத துயரம் வேறு வழி தேடும். திங்கட்கிழமை காலைதோறும் ஒரு பிள்ளைக்கு வயிறு வலிக்கும். மருத்துவர் சோதித்துப் பார்த்தால் நோய் ஒன்றும் இராது. ஆனாலும் வலி பொய்யன்று. மனத்தின் அச்சம் வயிற்றில் வலியாக வருவதை மருத்துவர்கள் நன்கறிவர். இன்னொரு பிள்ளை விட்டுப்போன படுக்கை நனைத்தலை மீண்டும் தொடங்கும். கலகலப்பாகத் திரிந்த பிள்ளை விளையாட்டை விட்டு ஒதுங்கும், உறக்கம் கெடும், உணவு குறையும், சிறு சொல்லுக்கும் சீறி விழும். இவற்றை நாம் சோம்பல் என்கின்றோம், திமிர் என்கின்றோம், நடிப்பு என்கின்றோம். இவை அழுகையின் மாற்றுருவங்கள். கண் வழியே வர விடாததனால் வேறு வழியே வருகின்றன.

நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருக்கோயிலில் அர்த்தசாமப் பூசை முடிந்து நடை சாத்தும் நேரம். கொடிமரத்தடியில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் புத்தகப் பையுடன் அமர்ந்திருந்தான். வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டோம். விடை இல்லை. அருகில் அமர்ந்தோம். பிரசாதத்தில் பாதியைக் கொடுத்தோம். உண்டான். நெடுநேரம் கழித்துப் பையிலிருந்து மதிப்பெண் அட்டையை எடுத்துக் காட்டினான். கணக்கில் தேர்ச்சி இல்லை. மறுநாள் தந்தையின் கையொப்பத்துடன் கொண்டு செல்லல் வேண்டும்.

அவனை வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். தந்தை அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர். பிள்ளையைத் தேடித் தெருவெல்லாம் அலைந்து களைத்திருந்தார். செய்தியைக் கேட்டதும், ‘நான் அடிப்பேன் என்றாடா பயந்தாய்?’ என்றார். சிறுவன், ‘இல்லை அப்பா. போன தடவை அட்டையைப் பார்த்துவிட்டு நீங்கள் சாப்பிடாமலே படுத்துவிட்டீர்கள். அதுதான்’ என்றான்.

அந்தத் தந்தை சுவரில் சாய்ந்து அமர்ந்துவிட்டார். நமக்கும் பேச நா எழவில்லை. அவன் அஞ்சியது அடிக்கு அன்று, தந்தையின் பசிக்கு. தன் மதிப்பெண் தன் தந்தையைப் பட்டினி போட்டது என்று எண்ணி, அந்தச் சுமையைப் பத்து வயதுத் தோளில் தனியே சுமந்திருக்கின்றான். மூட்டை சுமக்கும் தந்தைக்குத் தம் பிள்ளை சுமந்த மூட்டை தெரியவில்லை. அவர் கொடியவர் அல்லர், அன்புடையவரே. ஆனால் அந்த அன்பு ஒரு நாளும் அவனைக் கேட்டதில்லை. அன்பிருந்தும் கேளாதிருந்தால் பிள்ளை தனித்தே நிற்கும். அன்றிரவு தந்தையும் மகனும் ஒரே தட்டில் உண்டனர். அட்டையில் கையொப்பம் அதன் பிறகே விழுந்தது.

இரண்டாவது துடைத்தல்.

அம்மை கண்ணீரைத் துடைத்த பிறகே கிண்ணத்தைக் கொடுத்தாள். நாமோ வரிசையை மாற்றிவிடுகின்றோம். பிள்ளை விம்மிக்கொண்டிருக்கும்போதே அறிவுரை புகட்டத் தொடங்குகின்றோம். ‘அன்றே சொன்னேன், கேட்டாயா?’ என்பது அறிவுரை அன்று. புண்ணில் இடும் உப்பு. கலங்கிய குளத்தில் முகம் தெரியாது; கலங்கிய மனத்தில் நல்லுரை தங்காது. முதலில் தெளிய விடுதல் வேண்டும். ‘உனக்கு வருத்தமாக இருக்கின்றது, எனக்குத் தெரிகின்றது’ என்னும் ஒரு சொல் போதும். அந்தச் சொல்லே துடைக்கும் கை.

இங்கே சிலர் ஒரு பழமொழியைத் துணைக்கு அழைப்பர். ‘அடியாத மாடு படியாது’ என்பர். நம் புராணமே இதற்கு விடை சொல்கின்றது. சேய்ஞலூரில் விசாரசருமர் என்னும் சிறுவர், முட்ட வந்த பசுவை ஆயன் கோலால் அடிப்பதைக் கண்டார். மனம் பொறாது அவனை விலக்கி, ஆநிரையை மேய்க்கும் பணியைத் தாமே ஏற்றார். என்ன நிகழ்ந்தது? பசுக்கள் படியாமற் போயினவா? நல்ல புல் காட்டி, நன்னீர் ஊட்டி, நிழலில் நிறுத்தி மேய்த்த அவரைக் கண்டதும் அவை தாமே பால் சொரிந்தன என்று பெரிய புராணம் கூறுகின்றது. மாட்டுக்கே பொருந்தாத பழமொழியை மக்களுக்குப் பொருத்துவது எங்ஙனம்?

இன்னொரு பிள்ளையையும் நினைவு கூர்வோம். திருநாரையூரில் நம்பியாண்டார் நம்பி என்னும் சிறுவர், தந்தை வெளியூர் சென்றிருந்த நாளில் பொல்லாப் பிள்ளையாருக்கு அமுது படைத்தார். பிள்ளையார் உண்ணவில்லை என்றதும், தம் பிழையே என்று கலங்கித் தலையைக் கல்லில் மோதப் புகுந்தார். பிள்ளையார் தடுத்து அமுது உண்டருளினார். பிறகு அச்சிறுவர் வேண்டியது என்ன? பள்ளிக்குக் காலம் தாழ்ந்துவிட்டது, ஆசிரியர் அடிப்பார், ஆதலின் நீரே கற்பித்தருளும் என்பதே. திருமுறை கண்ட அருளாளரின் கதையிலும் ஆசிரியரின் கோலுக்கு அஞ்சிய சிறுபிள்ளை ஒருவர் இருக்கின்றார். விநாயகப் பெருமான், ‘போய் அடி வாங்கி வா, அப்போதுதான் உறுதி வரும்’ என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருத்திக் கற்பித்தருளினார்.

அன்று புராணம் காட்டியதை இன்று சட்டமும் சொல்கின்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு, பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் விலக்குகின்றது. மனத்தால் துன்புறுத்துதல் என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பதைக் கருதுங்கள். பிரம்பின் தழும்பு சில நாளில் ஆறும். நாற்பது பேர் நடுவில் ‘நீ உருப்படமாட்டாய்’ என்று சொன்ன சொல், அப்பிள்ளை பேரன் எடுத்த பிறகும் ஆறுவதில்லை. இதனை ஆசிரியப் பெருமக்களைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. வீட்டில் ஒருவரும் கேளாத பிள்ளையைக் கண்டறிந்து, ‘ஏன் இன்று முகம் வாடியிருக்கின்றது?’ என்று கேட்ட ஆசிரியர்களால் வாழ்வு பெற்றோர் இந்த மண்டபத்திலேயே பலர் இருப்பர்.

மூன்றாவது கையில் கொடுத்தல்.

இப்போது உங்கள் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். இவ்வாறு கேட்டும் துடைத்தும் வளர்த்தால் பிள்ளை தொட்டாற்சுருங்கி ஆகிவிடாதா? உலகம் கடுமையானதாயிற்றே! நல்ல ஐயம். விடை தேடுவோம்.

ஹவாய்த் தீவுகளுள் கவாய் என்பது ஒன்று. அங்கே 1955-ஆம் ஆண்டில் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்னும் உளவியல் அறிஞரும் அவர்தம் துணைவரும் பிறப்பிலிருந்து நாற்பது வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய் போன்ற பல துன்பங்களுக்கிடையே வளர்ந்தவர்கள். இவர்கள் எல்லாரும் கெட்டழிவர் என்றே எவரும் கருதுவர். ஆனால் அவர்களிலும் மூவரில் ஒருவர் திறமையும் தன்னம்பிக்கையும் பிறர்பால் பரிவும் உடையவராக வளர்ந்து நின்றனர். இளமையில் தடம் புரண்டவருள்ளும் பெரும்பாலோர் பின்னர் நிமிர்ந்துகொண்டனர். தாங்கி நின்றவர்களுக்கு வாய்த்த துணைகளுள் முதன்மையானது எது? தன்னை மாறாத அன்புடன் ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர். அவர் தாயாகவோ தந்தையாகவோ இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. பாட்டியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். இன்னொன்றும் கண்டனர்: வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது போன்ற, பிறருக்குப் பயன்படும் பொறுப்பு ஒன்று அப்பிள்ளைகளிடம் இருந்தது.

கருதிப் பாருங்கள். உறுதி என்பது கல்லாக்கி வைப்பதால் வருவதன்று. தென்னம்பிள்ளை நடுகின்றோம். முதற்கோடையில் கீற்று வைத்து நிழல் செய்கின்றோம், நீர் விடுகின்றோம். ‘வெயிலில் காய்ந்தால்தான் மரம் உறுதிப்படும்’ என்று எந்த உழவரும் நாற்றை வெயிலில் போடமாட்டார். அதே உழவர், வேர் பிடித்த பிறகு அந்தக் கீற்றைத் தாமே எடுத்துவிடுகின்றார். என்றும் நிழலிலேயே வைத்திருந்தால் அதுவும் காய்க்காது. நிழல் தருவதும் அன்பு. நிழலை எடுப்பதும் அன்பு. காலமறிந்து செய்வதே வளர்ப்பு.

ஆதலினாற்றான் அம்மை கிண்ணத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். நாமும் பிள்ளையின் கையில் சிலவற்றைக் கொடுத்தல் வேண்டும். தன் பையைத் தானே அடுக்கட்டும். கடைக்குச் சென்று கணக்குச் சொல்லி வரட்டும். பூச்செடிக்கு நீர் விடுவதைத் தன் பணியாக ஏற்கட்டும். நண்பனோடு பிணக்கு ஏற்பட்டால் நாம் ஓடிச் சென்று வழக்குரைக்காமல், ‘நீ என்ன செய்யலாம் என்று எண்ணுகின்றாய்?’ என்று கேட்போம். தவறட்டும், பால் சிந்தட்டும், மீண்டும் ஊற்றிக்கொள்ளக் கற்கட்டும். ஆனால் மற்றவர் கூடித் துன்புறுத்துவதோ, பெரியவர் எவரேனும் தகாதவாறு நடப்பதோ ஆயின், அது பிள்ளை தனியே தாங்க வேண்டிய சுமை அன்று. நாம் உடனே முன் நிற்றல் வேண்டும்.

தேர்வைப் பற்றியும் ஒரு சொல். முன்பெல்லாம் பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பறை சாற்றினோம். 2017 முதல் தமிழக அரசு அத்தரவரிசையை அறிவிப்பதை நிறுத்திவிட்டது. அரசு நிறுத்திவிட்டது, நாம் நிறுத்தினோமா? ‘எதிர்வீட்டுப் பிள்ளை எத்தனை?’ என்று இன்றும் கேட்கின்றோமே! தேர்வில் தவறியவர்க்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. அரசின் ஏட்டிலேயே இரண்டாம் வாய்ப்பு இருக்கின்றது. பெற்றவர் உள்ளத்தில் இல்லாமற் போகலாமா? முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மதிப்பெண் எதுவாயினும் அன்று வீட்டில் வழக்கம்போல் அடுப்பெரியட்டும். அனைவரும் சேர்ந்து உண்ணுங்கள். நீ தேறினாலும் தவறினாலும் இந்தத் தட்டு உனக்கு உண்டு என்பதைவிடப் பெரிய அறிவுரை இல்லை.

இன்றிரவே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்லி அமைகின்றோம். நாள்தோறும் கால்மணி நேரம், கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள். ‘எத்தனை மதிப்பெண்?’ என்பதற்கு முன்னே, ‘இன்று யாரோடு அமர்ந்து உண்டாய்?’ என்று கேளுங்கள். சொன்னதைப் பிறர் முன் எடுத்துரைத்து நகையாடாதீர்கள். நீங்கள் தவறு செய்தால், ‘நான் கோபத்தில் பேசிவிட்டேன், என் தவறு’ என்று பிள்ளையிடமே சொல்லுங்கள். அதனால் பெற்றோர் பெருமை குறையாது. பிழைத்தவர் நிமிரலாம் என்னும் பாடம் பிள்ளைக்குக் கிட்டும்.

வாட்டம் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து கேட்பதில் வெட்கம் இல்லை; மனத்தின் காய்ச்சலுக்கு மட்டும் ஏன் வெட்கம்? வாழ விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னால், மிரட்டுகின்றது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதுவே அழுகைகளுள் பேரழுகை. அருகிலேயே இருங்கள், அன்றே உதவி தேடுங்கள். துன்புறும் பிள்ளைகளுக்கென 1098 என்னும் தொலைபேசி எண் உண்டு. மனநலத்திற்கென நடுவண் அரசு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய 14416 என்னும் எண்ணும் உண்டு. இரண்டும் கட்டணமின்றி இரவும் பகலும் கேட்பவை. திருவிழா அழைப்பிதழின் பின்புறத்தில் இவ்விரு எண்களையும் அச்சிட வேண்டுமென்று விழாக் குழுவினரை வேண்டிக்கொள்கின்றோம்.

நிறைவாக, சீகாழிக் குளக்கரைக்கே திரும்புவோம். நீராடி வந்த சிவபாத இருதயர், பிள்ளையின் வாயில் பால் வழிவதைக் காண்கின்றார். யாரோ தந்த எச்சிற்பால் என்று எண்ணிச் சிறு கோலை ஓங்குகின்றார். அன்பினால் ஓங்கிய கோல்தான். அச்சத்தினால் ஓங்கிய கோல்தான். ஆனால் அடிப்பதற்கு முன் ஒன்று செய்தார். ‘யார் தந்தது? காட்டு’ என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியே அவரைக் காத்தது. பிள்ளை விரலை உயர்த்தி விண்ணைச் சுட்டிக் காட்டிப் பாடியது. அன்று அப்பிள்ளை பாடிய முதற்பாட்டில் முதன்முதலாகப் புகழப்பெறுவது எது? இறைவனின் நெற்றிக்கண் அன்று, திருமுடி அன்று, தோடணிந்த திருச்செவி! தன் அழுகையைக் கேட்ட செவியையே பிள்ளை முதலில் பாடியது. எந்தப் பிள்ளையும் அதனைத்தான் முதலில் பாடும்.

அடியார் பெருமக்களே! கோல் நம் கையில் இருக்கலாம். அதனை ஓங்கும் முன் ஒரு கேள்வி கேட்போம். கேட்டபின், பிள்ளையின் விரல் காட்டும் திசையில் நாமும் நிமிர்ந்து பார்ப்போம். இதோ, பால் பெறக் காத்திருக்கும் இந்தக் குழந்தைகள் வீடு திரும்பும்போது, அவர்களுக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செவி திறந்திருக்கட்டும்.

தோணியப்பர் திருவருளால் பிள்ளைகள் எல்லாரும் அச்சம் நீங்கி, அகம் மலர்ந்து, நெடிது வாழ்க என்று வாழ்த்தி நிறைவு செய்கின்றோம்.